அரிசி லொறிச் சத்தம் செய்த மச்சான்

எங்கள் ஊரில் உதயரூபனைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர், "அந்த அரிசிக் கள்ளனா?" என்பார்கள். மீதி இரண்டு பேரில் ஒருத்தி என் தங்கை, மற்றவன் நான். அவர் ஒரு பிடி அரிசியைக்கூட யாரிடமிருந்தும் எடுத்தவர் இல்லை. போர் முடிந்தது, கடற்கரையில் எச்சரிக்கைக் கோபுரம் வந்தது, அதன் நிழலில் கச்சான் கடலை விற்கிறார்கள், ஆனாலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

உதயரூபன் என் தங்கை சீதேவிப்பிள்ளையின் புருஷன். கல்லடியில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு என்று எது நடந்தாலும் தென்னைமரத்தில் ஏறி லவுட்ஸ்பீக்கர் கட்டுபவர் அவர்தான். நல்ல மனிதர். ஒரே குறை, பக்கத்தில் இருக்கிற ஆளிடமும் பத்து வளவு தள்ளி இருப்பவரிடம் கதைப்பதுபோலத்தான் கதைப்பார்.

2004 டிசெம்பர் இருபத்தாறாம் திகதி காலை, வாவிப் பக்கத்தில் ஒரு சாமத்தியவீடு. மச்சான் நான்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி, இரண்டைக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். கடற்கரையில் நின்றவர்கள் தண்ணீர் வருவதைக் கண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் தங்கையைத் தண்ணீர் குசினியோடு தூக்கி, பின்வளவு வேப்பமரக் கவரில் கொண்டுபோய்ச் செருகியது. மத்தியானம்வரை அதிலேயே தொங்கினாள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் பதினேழு பேர் போய்விட்டார்கள்.

அவள் உயிரோடு இறங்கினாள், ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. நேரே வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலையில் சின்னம்மா வீட்டில் இருந்துவிட்டாள். தைப்பொங்கல் கழிந்து மச்சான் துறை கடந்து அவளைக் கூப்பிடப் போனார். துணைக்கு நானும் போனேன். அவள் முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்.

"கடல் வந்த சத்தம் எனக்குக் கேக்கல்ல. சனம் கத்தினதும் கேக்கல்ல. உங்கட பாட்டுத்தான் கேட்டுது. நான் படுத்துக்கிடந்தாலும் ஒழும்பி ஓடுறமாதிரி ஒரு சத்தம் செய்ங்க. மறுகா வாறன்."

இது கோபத்தில் சொன்னது என்று எனக்கு விளங்கியது. எந்த மனிதனுக்கும் விளங்கியிருக்கும். என் மச்சான் மட்டும் அதை ஓடராக எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது துறையில் நின்று, "எத்தினை வாட்ஸ் வேணுமெண்டு அவ சொல்லல்ல மச்சான்" என்றார்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வராத நிறுவனம் இல்லை. வாழ்வாதார உதவி என்று ஒரு படிவம் தந்தார்கள். அதில் தோணி, வலை, ஆடு, தையல்மெஷின் எல்லாம் இருந்தன. லவுட்ஸ்பீக்கர் இல்லை. மச்சான் தேடித் தேடிப் பார்த்துவிட்டு 'இசை, கலை' என்ற பெட்டியில் சரி போட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு மடிக்கணினி வந்தது. அதன் முதுகில் பெரிய ஸ்டிக்கர்: இந்தப் பொருள் பயனாளியின் வீட்டிலேயே இருக்க வேண்டும், பரிசோதனைக்கு வரும்போது அங்கே இல்லாவிட்டால் திருப்பி எடுக்கப்படும். தென்னையில் ஏறுகிற மனிதனுக்குக் கணினி. ஆடு கேட்டிருந்தால் குட்டியாவது போட்டிருக்கும்.

கணினியோடு ஒரு ஜேர்மன்காரரும் வந்தார். நெடிய ஆள், மெலிந்த ஆள். மனக்காயத்தை ஒலியால் ஆற்றுவது அவர் தொழிலாம். அந்தக் கணினிக்குள் சத்தம் செய்கிற ஒரு மென்பொருள் இருந்தது. கருவி ஒன்றும் இல்லாமல், திரையில் குமிழ்களைத் திருகியே எந்தச் சத்தத்தையும் உண்டாக்கலாம். முதல் நாள் வகுப்பில் முப்பது பெண்களைக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மனம் அமைதியாக வேண்டும் என்று அவர் செய்து போட்ட சத்தம் என்ன தெரியுமா? கடலலை. மெல்லப் பெருகி, மெல்ல வற்றி, மறுபடி பெருகுகிற அலை. முப்பது பேரும் பாயோடு எழும்பிப் பிரதான வீதிவரை ஓடிவிட்டார்கள். ஜேர்மன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். மண்டபத்தில் மிஞ்சி நின்றவர் என் மச்சான் ஒருவர்தான். அவர் கேட்ட கேள்வி, "சேர், இத எப்பிடிச் செஞ்ச நீங்க?"

பாவம், அந்த மனிதருக்கும் ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது. மூன்று நாள் இருந்து மச்சானுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அதில் மச்சானின் மனதைக் கொள்ளைகொண்டது எல்.எப்.ஓ. என்ற ஒரு சாமான். எனக்கு அதை அவர் நூறு தடவையாவது விளக்கியிருப்பார்.

"இது தனியக் கேக்காது மச்சான். செக்கனுக்கு ஒருக்கா, ரெண்டு தரம், அப்பிடி ஆறுதலா ஆடும். அவ்வளவு ஆறுதலா ஆடுறது காதுக்கு எட்டாது. ஆனா மத்தச் சத்தத்த ஆட்டும். ஏணைய ஆட்டுற கை மாதிரி. கை சத்தம் போடுதா? புள்ளதானே போடுது."

சத்தத்தின் உயரத்தில் அதைப் பூட்டினால் சத்தம் ஏறி இறங்கும். பலத்தில் பூட்டினால் கூடிக் குறையும். ஆட்டுகிற விதமும் பல. வளைந்து வளைந்து ஆட்டலாம், ஏற்றி ஏற்றி விழுத்தலாம், விட்டு விட்டு வெட்டலாம். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்பதற்கு இரண்டு குமிழ். மச்சான் அதற்கு 'ஆட்டி' என்று பெயர் வைத்தார். உலகத்தில் உள்ள சைரன் எல்லாம் ஒரு ஊளையும் ஒரு ஆட்டியும்தான் என்று கண்டுபிடித்த அன்று, என் தங்கை அடுத்த வாரமே வந்துவிடுவாள் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தார்.

அந்த நேரம் ஒவ்வொரு ஊரிலும் அனர்த்தக் குழு அமைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குழுவுக்குத் தலைவர் கிராம அலுவலரான விதானையார் கனகசிங்கம், செயலாளர் நான். சைரன் செய்து தர ஒருவர் வலிய வந்ததும் விதானையாருக்குச் சந்தோசம். மச்சான் வாவிச் சேற்றில் இருந்து இரண்டு லவுட்ஸ்பீக்கரைத் தோண்டி எடுத்து, நெளிவு தட்டி, வாவிப் பக்கத்து மாடிப் பாடசாலையின் கூரையில் கட்டினார். தண்ணீர் வந்தால் சனம் ஓடி ஏற வேண்டிய இடம் அதுதான். கணினியைப் பாடசாலையில் வைக்க முடியாது, ஸ்டிக்கர் இருக்கிறதே. அதனால் அது கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளி, மச்சானின் வீட்டு மேசையில் இருந்தது. அங்கிருந்து பாடசாலைக்கு வயர் இழுத்தோம். கடல் வந்தால் முதலில் போவது சைரன்காரன்தான் என்பதைக் குழுவில் ஒருவரும் யோசிக்கவில்லை. செயலாளரும் யோசிக்கவில்லை.

முதல் ஒத்திகைக்கு மச்சான் ஜேர்மன்காரரின் கடலலையையே போட்டார். முப்பது பேரை ஓட வைத்த சத்தம் அல்லவா? ஆனால் லவுட்ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை இல்லை. வெளியே வந்தது மீன் பொரிக்கிற சத்தம். ஒருவரும் எழும்பவில்லை. ஆருடைய வீட்டில் விசேசம் என்று மட்டும் விசாரித்தார்கள்.

இரண்டாவது தடவை ஆட்டியை உயரத்தில் பூட்டி, வளைந்து வளைந்து ஊதவிட்டார். அச்சு அசல் அம்புலன்ஸ். சனம் முழுக்கப் படலையடிக்கு வந்து நின்று, "ஆருக்காம்? ஆருக்காம்?" என்று கேட்டுக்கொண்டு, எந்த வீட்டுக்கு வருகிறது என்று பார்க்கக் கடற்கரை வீதிவரை போனது.

மூன்றாவதுதான் பெரிய பிசகு. சத்தம் அடியிலிருந்து ஏறி ஏறி உச்சிக்குப் போய்ப் பொத்தென்று விழும்படி ஆட்டியைத் திருப்பினார். வேறெந்த நாட்டிலாவது சனம் அதைக் கேட்டு ஓடியிருக்கும். எங்கள் சனம் இருபது வருஷமாக ஷெல்லுக்குப் பழகிய சனம். ஒரே நிமிடத்தில் ஊர் முழுக்கப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. கடல் வரும்போது ஊரிலேயே பள்ளமான இடத்தில் போய்க் குந்துவதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்தோம். விதானையார் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வடிகால் கானுக்குள் குப்புறக் கிடந்தார். நானும் அவர் பக்கத்தில்தான் கிடந்தேன். தலைகீழாக நின்று யோசித்தாலும் அது சைரன் என்று எனக்குப் படவில்லை.

பக்கத்து இராணுவ முகாமும் அப்படியே படுத்திருக்கிறது. எழும்பியதும் வந்து மச்சானை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொறுப்பதிகாரியின் முன்னால் கணினியைத் திறந்து, தெரிந்த நான்கு சிங்களச் சொல்லில் ஆட்டியை விளக்கினாராம். மூன்று மணித்தியாலம் விளக்கினாராம். அவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கையில் ஒரு கடிதமும் தந்தார்கள். ஒலி மேலே ஏறக் கூடாது. ஒலி கீழே இறங்கவும் கூடாது. கசற்றில் பதிந்து போடவே கூடாது, ஏனென்றால் கசற் என்றால் போராளிகளின் இயக்கப் பாட்டு. கணினியில் நேரே வாசிக்கலாம். கீழே ஒப்பமும் முத்திரையும் இருந்தன. ஏறாமலும் இறங்காமலும் ஒரு சைரன் செய்ய வேண்டும் என்று எழுத்தில் கட்டளை பெற்ற ஒரே மனிதன் இந்த உலகத்தில் என் மச்சானாகத்தான் இருக்கும்.

போதாக்குறைக்கு ஜேர்மன்காரர் ஊருக்குப் போனதும் அவருடைய மென்பொருள் உரிமம் முடிந்து, அது இலவசப் பதிப்பாகிவிட்டது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக வாயை மூடிக்கொள்ளும். திரையில் ஒரு பெட்டி வரும். அதை அமத்தினால்தான் மறுபடி சத்தம் வரும். மச்சானுக்குக் கணினி எலியைப் பிடித்து அந்தப் பெட்டிக்குக் கொண்டுபோக எப்போதும் பத்துச் செக்கன் பிடிக்கும். தென்னைமரம் ஏறிக் காய்த்த கை அது.

2007 பங்குனியில் படுவான்கரையில் சண்டை. ஷெல் விழ விழச் சனம் வாவி கடந்து எங்கள் எழுவான்கரைக்கு வந்தது. அந்தச் சனத்தோடு என் தங்கையும் ஒரு பையோடு வந்து இறங்கினாள். கடலுக்குப் பயந்து அங்கே போனவள், ஷெல்லுக்குப் பயந்து இங்கே வந்தாள். தன் சொந்த வீட்டிலிருந்து ஐந்நூறு மீற்றருக்கு இப்பால், அதே மாடிப் பாடசாலையில் போட்ட அகதி முகாமில், இடம்பெயர்ந்தவள் என்று பதிந்துகொண்டாள். நிரந்தர முகவரி எழுத வேண்டிய இடத்தில் விதானையார் பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலால் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கூரை தெரியும்.

"வீட்டுக்கு வாகா தங்கச்சி" என்று நான் கெஞ்சினேன்.

"சத்தம் செய்து முடிஞ்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பார்க்க முகாமுக்குப் போவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். இருவரும் மரத்தடியில் இருந்து, சண்டை இல்லாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்ததைக்கூடக் கண்டேன். அந்த நேரம் வாசலில் நிவாரண லொறி வந்து கோன் அடித்தது. ப்பே, ப்பே, ப்பே. சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு, பையையும் நிவாரண அட்டையையும் தூக்கிக்கொண்டு தங்கை ஓடினாள். காய்ச்சலில் கிடந்தவர்கள் ஓடினார்கள். பாலூட்டிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளையோடு ஓடினார்கள். மரத்தடியில் நின்ற மச்சானின் முகத்தைப் பார்த்தேன். பெண்சாதி தன்னை விட்டு ஓடுவதைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்த மனிதனை நான் கண்டதில்லை.

அரிசியோடு திரும்பி வந்தவளிடம், "என்னத்துக்கு ஒழும்பின நீ?" என்று கேட்டார்.

"தெரியா. கால் தானா ஒழும்பிற்று."

அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். ஏறாத, இறங்காத ஒரு தடித்த சத்தம். ஆட்டியைப் பலத்தில் மட்டும் பூட்டி, விட்டு விட்டு வெட்டினால் கோன். செக்கனுக்கு ஒன்றுதான் என்றால் மீன்காரன், மூன்று என்றால் தனியார் பஸ். சரியாக ஒன்றே முக்காலில் நிவாரண லொறி வந்தது. இராணுவ முகாம் தந்த கடிதத்துக்கும் பழுதில்லை. லவுட்ஸ்பீக்கர் பாடசாலையில் இருந்ததால் சனம் அரிசியை நோக்கி, அதாவது கடலுக்கு எதிர்ப்பக்கம், ஓடும். விதானையார் கேட்டுவிட்டுத் திகைத்துப்போனார். "ஒத்திகை வேணாம்" என்றார். "ஒருக்கா ஏமாத்தினா மறுகா வரமாட்டாங்க."

அப்படியே வைத்திருந்தோம். வைகாசியில் படுவான்கரைச் சனம் ஊர் திரும்பத் தொடங்கியது. புரட்டாதி வரும்போது முகாமில் ஒன்பது குடும்பம்தான் மிச்சம். சின்னம்மாவும் ஊருக்குப் போய்விட்டாள். என் தங்கை போகவும் இல்லை, வீட்டுக்கு வரவும் இல்லை. நடுவில் நின்றாள்.

அந்தச் செப்டெம்பரில் ஒரு பின்னேரம் சுமாத்திராப் பக்கம் பூமி நடுங்கியது. கச்சேரி என்று நாங்கள் சொல்கிற மாவட்டச் செயலகத்திலிருந்து விதானையாருக்கு ஃபோன் வந்தது. அவர் மோட்டார்சைக்கிளில் மச்சானின் வாசலுக்கு வந்து, "போடு ரூபன்!" என்று கத்திவிட்டு, நிற்காமல் பாடசாலைக்குப் போய்விட்டார்.

ப்பே, ப்பே, ப்பே.

நான் அந்தக் குழுவின் செயலாளர். அது அரிசி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாடசாலைக்கு வந்து சேர்ந்தபோது என் கையில் ஒரு பை இருந்தது.

ஊர் முழுக்க வந்தது. ஒருவர் மிச்சமில்லாமல் வந்தது. நடக்கமாட்டாத கிழவர்களைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள், ஆளுக்கு ஒரு பங்கு என்பதால். வந்தவர்கள் லொறியைத் தேடினார்கள். விதானையார் படியில் ஏறி நின்று, "கடல் வருகுதாம், மேல ஏறுங்க" என்று கத்தினார். "அரிசி மேலயா?" என்று கேட்டபடி ஏறினார்கள். திடீரென்று சத்தம் நின்றது. ஒருவர் படியில் நின்று, "லொறி போயிற்று" என்றார். பாதிச் சனம் இறங்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். பத்தில் மறுபடி ப்பே, ப்பே. சனம் மறுபடி ஏறியது.

முகாம் அறையிலிருந்து தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணன், லொறியக் காணல்ல. இது அவர் செய்ததா?"

"ஓம்."

"எங்க இரிந்து அமத்துறார்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவளும் ஜன்னலால் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். பையைப் போட்டாள். ஏறி வருகிற சனத்தைக் கையால் விலக்கிக்கொண்டு இறங்கி, கிழக்கே, கடல் பக்கமாக ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது, பயமும் வாங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மேசையடியில் நின்று அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டே முக்கால் வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"ஒழும்புங்க! ஒழும்பி வாங்க!"

"ஏலாது புள்ள. நாலு நிமிசத்துக்கு ஒருக்கா அமத்தோணும். இல்லாட்டி லொறி போயிற்றெண்டு சனம் திரும்பி வந்திரும்."

"எத்தின மணி மட்டும்?"

"கச்சேரி சொல்லுமட்டும். நீ போ. மச்சான், இவளக் கூட்டிக்கொண்டு போங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அதே கதிரையின் பாதியில் உட்கார்ந்தாள். "அண்ணன், நீங்க போய்ச் சனத்த மேல வச்சிருங்க" என்றாள். "எது, இந்தப் பெட்டியா?" என்று அவரைக் கேட்டாள்.

நான் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். ஓடினேன், மேல்மாடிவரை ஓடினேன். அங்கே நின்று, இருட்டிக்கொண்டு வருகிற கடல் பக்கத்தைப் பார்த்தபடி, சத்தம் நிற்கும்போதெல்லாம் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி, தண்ணீர் அவர்களிடம் போய்விட்டது என்று நினைத்தேன். முதல் தடவை எட்டு எண்ணினேன். அடுத்த தடவை ஐந்து. அதற்குப் பிறகு இரண்டு எண்ணுவதற்குள் கோன் அடித்தது. அது மச்சானின் கை இல்லை, தேங்காய் துருவுகிற கை. சனத்துக்கு நடுவே நின்று நான் அழுதேன். அரிசி கிடைக்காமல் அழுகிறார் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இரவு எட்டரை போல, கடல் வராது என்று கச்சேரி சொன்னது. சனம் விதானையாரைச் சுற்றி வளைத்து அரிசி எங்கே என்று கேட்டது. அரிசிக் கள்ளன் என்ற சொல் அந்த நிமிடத்தில் பிறந்ததுதான். பதிலை விதானையாரிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. தங்கை கதிரையில் தனியே இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் அவள் காலடியில், வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அந்தப் பக்கம் லவுட்ஸ்பீக்கர் இரண்டும் ஊர் அதிர அலறிக்கொண்டிருந்தன.

"கடல் வராதாம்!" என்று நான் வாசலில் நின்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாக் கதைங்க அண்ணன். அவர் இப்பதான் கண்ணயர்ந்தவர்."